இருபத்தொன்றாம் தேதி

கம்பிக்கதவுக்கு வெளியே நின்று
கையில் பலகைக் கணினியோடு கேட்டாள் அந்தப் பெண்:
"ஒன்றிலிருந்து பத்துக்குள்
உங்கள் வாழ்க்கையில் உங்களுக்கு எவ்வளவு திருப்தி?"
அடுப்பில் பருப்பு பொங்கிக்கொண்டிருந்தது.
ஆறு என்றேன்.
ஏழு சொல்லக் கூச்சம்.
ஐந்து சொன்னால், ஏன் என்று கேட்பாளோ.

"கடந்த பன்னிரண்டு மாதத்தில்
யாருக்காவது நன்கொடை கொடுத்தீர்களா?"
இல்லை என்றேன்.
ஆட்குறைப்பில் என் பெயரும் போய்
நாலு மாதம் ஆகியிருந்தது.

அன்றிரவு வங்கிக் கணக்கை
விரலால் இழுத்து இழுத்து
எதை வெட்டலாம் என்று தேடினேன்.
தண்ணீர், மின்சாரம், மகனின் கைத்தொலைபேசி,
நடுவில் ஒரு பதினைந்து வெள்ளி.
மாதாமாதம் இருபத்தொன்றாம் தேதி
பூனைபோல் வந்து குடித்துவிட்டுப் போயிருக்கிறது,
பதினோரு வருடமாக.

மெல்ல நினைவு வந்தது.
பூன் லே நிலையம். கொட்டும் மழை.
என்னிடம் குடை இல்லை.
அட்டையும் படிவமுமாக ஒரு பையன்,
ஃபிர்தௌஸ் என்றது பெயர்ப்பட்டை.
சிறுநீரகம், இயந்திரம், வாரம் மூன்று முறை என்று
என்னவோ சொன்னான்.
மழை விடும்வரை கேட்டுக்கொண்டிருந்தேன்.
விட்டதும் கையெழுத்துப் போட்டேன்.
அவ்வளவுதான் என் தருமம்.
புண்ணியத்தில் பாதி மழைக்குச் சேரவேண்டும்.

கொடுத்தவர் நெஞ்சு குளிரும் என்கிறார்கள்.
என் நெஞ்சுக்குச் செய்தியே வரவில்லையே!
காதும் காதும் வைத்தாற்போல் கொடுப்பவர்கள் உண்டு.
நான்
என் காதுக்கே தெரியாமல் கொடுத்திருக்கிறேன்.

நிறுத்திவிட அழைத்தேன்.
இசை. காத்திருங்கள். மறுபடி அதே இசை.
பிறகு ஓர் ஆண்குரல், மதியச் சாப்பாட்டைத் தவறவிட்ட குரல்.
காரணம் கேட்கவில்லை.
"இத்தனை வருடத்துக்கு நன்றி, மேடம்."
வாங்காத கடனுக்கு ரசீது தந்ததுபோல் காது சுட்டது.
"ஐந்து" என்றேன்.
"என்ன, மேடம்?"
"நிறுத்த வேண்டாம். ஐந்தாகக் குறையுங்கள்."
சொன்ன பிறகுதான்
நான் சொன்னது எனக்கே கேட்டது.

ஐந்து வெள்ளி.
முன்பு கண்ணில் படாத காசு.
இப்போது அது
ஒரு கிலோ வெங்காயம், ஒரு கட்டுக் கீரை.
அல்லது மூன்று கோப்பி, மீதிச் சில்லறை.
கோப்பிக்கடையைக் கடக்கும்போதெல்லாம்
அது எங்கே போகிறது என்று நாக்குக்குத் தெரிகிறது.

பக்கத்து புளோக்கின் கீழ்த்தளத்தில்
ஒரு சிகிச்சை நிலையம்.
இத்தனை காலம் அதைப்
பல் மருத்துவர் இடம் என்றே நினைத்திருந்தேன்.
பள்ளி உணவகத்தில் பாத்திரம் கழுவும் வேலைக்கு
முதல் பேருந்து பிடிக்கப் போகையில், இருட்டில்
அங்கே மட்டும் விளக்கு எரிகிறது.
சீனர் ஒருவர், அறுபது இருக்கும்,
சுருட்டிய கம்பளியைக் குழந்தைபோல் தோளில் சாய்த்து
உள்ளே போகிறார். உள்ளே குளிரும் போல.

அவருக்கு என்னைத் தெரியாது.
என் காசு அவருடைய இயந்திரத்துக்கா,
வேறு யாருடையதற்கா,
அலுவலக மின்கட்டணத்துக்கா,
எனக்கும் தெரியாது.
நடந்துகொண்டே கணக்குப் போட்டேன்:
எட்டு நிமிடம் ஓடுமா?
என் கணக்குகள் எப்போதும் தப்பு.
இருந்தாலும் பேருந்து வரும்வரை
அந்த எட்டு நிமிடத்தை
மடியில் முடிந்து வைத்துக்கொள்கிறேன்.

மகிழ்ச்சி என்று சொல்லமாட்டேன்.
வாடகை அறைக்கு மாறவேண்டுமோ என்ற பயம்
அப்படியேதான் இருக்கிறது.
ஆனால் அரிசி அளக்கும்போது
கை தானாக ஒரு பிடி கூட அள்ளுமே,
யார் வரப்போகிறார்கள் என்று கேட்காமல்,
அதுமாதிரி ஏதோ ஒரு தெம்பு.

அந்தப் பெண் மறுபடி வந்தால்
இரண்டாவது பதிலை மாற்றச் சொல்லவேண்டும்.
முதல் பதில்
ஆறாகவே இருக்கட்டும்.

நாளை இருபத்தொன்று.
கணக்கில் போதுமான பணம் இருக்கிறதா என்று
இரண்டு முறை பார்த்துவிட்டுப்
படுத்தேன்.